பேட் செக்டார்: செக் டிஸ்க் ஓட்டும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் கறுப்புத் திரையில் ‘ஸ்கேனிங் அண்ட் ரிப்பேரிங் டிரைவ்’ என்று ஒரு வரி வருகிறது. 11 சதவீதத்திலோ 27 சதவீதத்திலோ மணிக்கணக்காக அப்படியே நிற்கிறது. இல்லையென்றால் ஒரு ஃபோல்டரைத் திறந்ததும் எல்லாம் உறைந்துபோய், டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் பயன்பாடு 100 சதவீதம் என்று காட்டுகிறது. யாரிடம் கேட்டாலும் வரும் பதில் ஒன்றுதான்: “செக் டிஸ்க் ஓட்டுங்க, கூடவே ஸ்லாஷ் ஆர் போடுங்க.”

செக் டிஸ்க் என்பது விண்டோஸோடு வரும் டிஸ்க் சோதனைக் கட்டளை. ஸ்லாஷ் ஆர் என்பது டிஸ்க் முழுவதையும் படித்துப் பார்க்கச் சொல்லும் அதன் தேர்வு. பாதி நேரம் இது சரியான ஆலோசனை. மீதிப் பாதி நேரம், காப்பாற்றியிருக்கக்கூடிய ஃபைல்களை இழக்கச் செய்யும் ஆலோசனை. எந்தப் பாதியில் இருக்கிறோம் என்பதை, கட்டளையை ஓட்டும் முன்பே ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம். அதற்கு டிஸ்க்குக்குள் என்ன நடக்கிறது என்பது கொஞ்சம் புரிந்திருக்க வேண்டும்.

செக்டார் என்பது என்ன

ஹார்ட் டிஸ்க்குக்குள் கண்ணாடி போலப் பளபளக்கும் வட்டத் தகடுகள் சுழல்கின்றன. லேப்டாப்பில் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 சுற்று, டெஸ்க்டாப்பில் 7200 சுற்று. தகட்டின் காந்தப் பூச்சில் ஒன்றுக்குள் ஒன்றாக வட்டப் பாதைகள். ஒவ்வொரு பாதையும் சிறு துண்டுகளாக வெட்டப்பட்டிருக்கிறது. அந்தத் துண்டுதான் செக்டார். பல ஆண்டுகள் ஒரு செக்டாரின் அளவு 512 பைட்டாக இருந்தது. 2010-ஐ ஒட்டி 4096 பைட்டுக்கு மாறியது. பழைய மென்பொருள்கள் தடுமாறாமல் இருக்க, இன்றைய டிஸ்க்குகள் பல உள்ளே 4096 பைட் செக்டார்களை வைத்துக்கொண்டு, வெளியே அதையே எட்டு 512 பைட் செக்டார்களாகக் காட்டுகின்றன. இந்த எட்டைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

தரவைப் படிக்கவும் எழுதவும் செய்யும், தலை எனப்படும் ஹெட் தகட்டைத் தொடுவதில்லை. சில நானோமீட்டர் உயரத்தில், சுழற்சியால் எழும் காற்றுப் படலத்தின் மேல் மிதக்கிறது. 7200 சுற்று டிஸ்க்கின் வெளி விளிம்பு மணிக்கு ஏறத்தாழ 120 கிலோமீட்டர் வேகத்தில் அந்த ஹெட்டுக்கு அடியில் ஓடுகிறது. ஓடும்போது லேப்டாப்பை மேசையில் சற்று வேகமாக வைத்தாலே ஏன் ஆபத்து என்பதற்கு இந்த இரண்டு எண்களே போதும்.

இவ்வளவு நெருக்கமாக எழுதிய காந்தப் புள்ளிகளைத் திரும்பப் படிக்கும்போது பிழை வருவது இயல்பு. அது நாள் முழுக்க வந்துகொண்டேதான் இருக்கிறது. அதனால் ஒவ்வொரு செக்டாரோடும் பிழை திருத்தும் குறியீடு ஒன்றும் சேர்த்து எழுதப்படுகிறது: 512 பைட் செக்டாருக்குச் சுமார் 50 பைட், 4096 பைட் செக்டாருக்குச் சுமார் 100 பைட். சிறு பிழைகளை டிஸ்க் இதைக் கொண்டு சத்தமில்லாமல் திருத்திவிடும். திருத்த முடியாத அளவுக்குப் பிழை இருந்தால் ஹெட்டை இம்மி நகர்த்தி மறுபடி படிக்கும், மறுபடியும் படிக்கும். எத்தனை முறை முயன்றும் குறியீடு ஒத்துவரவில்லை என்றால் மட்டும் “படிக்க முடியவில்லை” என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும். அப்படிக் கைவிடப்பட்ட செக்டார்தான் பேட் செக்டார்.

கம்ப்யூட்டர் உறைந்துபோவதற்குக் காரணமும் இந்த மறுமுயற்சிதான். வீட்டு உபயோக டிஸ்க் ஒரே செக்டாருக்காகப் பத்து இருபது விநாடிகள்கூடப் போராடும். ஒரு செக்டாருக்கு 10 விநாடி என்று கணக்கிட்டாலும், 1000 செக்டார் கெட்டிருந்தால் 10,000 விநாடி. கிட்டத்தட்ட 2 மணி 47 நிமிடம். சதவீதம் நகராமல் நிற்பது இதனால்தான்.

ஒரே அறிகுறி, நான்கு கோளாறுகள்

“டிஸ்க்கில் எரர்” என்ற ஒரே சொல்லுக்குள் நான்கு வேறு வேறு விஷயங்கள் ஒளிந்திருக்கின்றன. மருந்தும் ஒவ்வொன்றுக்கும் வேறு.

1. ஃபைல் சிஸ்டம் பிழை. எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்று எழுதிவைத்திருக்கும் கணக்குப் புத்தகத்தில் குழப்பம். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனாலோ, பென் டிரைவை எடுப்பது போல வெளி டிஸ்க்கைச் சட்டென்று பிடுங்கினாலோ வரும். தகட்டுக்கு ஒரு சேதமும் இல்லை.

2. மென்பழுது. ஒரு செக்டாரை எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் அறுந்து, தரவு பாதியும் குறியீடு வேறாகவும் நின்றுவிட்டது. படித்தால் ஒத்துவராது. ஆனால் அந்த இடத்தில் புதிதாக எதையாவது எழுதினால் நன்றாகவே எழுதப்படும், படிக்கவும் வரும்.

3. வன்பழுது. பூச்சில் கீறல், ஹெட் உரசியது, அல்லது ஹெட்டே பலவீனமாகிவிட்டது. திரும்ப எழுதினாலும் நிற்காது. கீறலில் கிளம்பும் துகள்கள் உள்ளேயே சுற்றி அடுத்த கீறலை உண்டாக்கலாம் என்பதால் இது பரவும் நோய்.

4. கேபிள் அல்லது மின்சப்ளை கோளாறு. டிஸ்க் நன்றாகத்தான் இருக்கிறது. தரவு வழியில் கெடுகிறது. நூறு ரூபாய் அளவில் தீர வேண்டிய இந்தக் கோளாறுக்காக நல்ல டிஸ்க்கைத் தூக்கிப் போடுபவர்கள் உண்டு.

செக் டிஸ்க் உண்மையில் உருவாக்கப்பட்டது முதலாவதற்காக. இரண்டாவதை அது அரைகுறையாகக் கையாளும். மூன்றாவதில் அது கேடு செய்யும். நான்காவதில், கேபிள் வழியே கெட்டு வரும் தரவை நம்பி நல்ல கணக்குப் புத்தகத்தைத் திருத்தப் போய்விடும்.

மாற்று இடம்: எழுதும்போதுதான் கிடைக்கும்

எந்த ஹார்ட் டிஸ்க்கும் குறையே இல்லாமல் தொழிற்சாலையிலிருந்து வருவதில்லை. 1980-களின் டிஸ்க்குகளில், கெட்ட இடங்களின் பட்டியலை மேல் லேபிளிலேயே அச்சிட்டு ஒட்டியிருப்பார்கள். நிறுவுபவர் அந்த எண்களைக் கையால் உள்ளிட வேண்டும். இன்று அந்தப் பட்டியல் டிஸ்க்குக்குள்ளேயே மறைவாக இருக்கிறது. அதோடு, பின்னால் கெடப்போகும் இடங்களுக்குப் பதிலாகக் கொடுக்க உதிரி செக்டார்களும் ஒதுக்கப்பட்டிருக்கின்றன.

ஒரு செக்டார் கெட்டால் அதன் முகவரியை உதிரி ஒன்றுக்கு மாற்றிவிடும் வேலையை டிஸ்க்கே செய்கிறது. விண்டோஸுக்கு இது தெரியவே தெரியாது. பலர் தவறவிடும் நுட்பம் இங்கேதான் இருக்கிறது. படிக்க முடியாத செக்டாரை டிஸ்க் உடனே மாற்றுவதில்லை. மாற்றினால் அதில் இருந்த தரவுக்கு என்ன பதில் சொல்லும்? அதனால் “நிலுவை” என்று குறித்துவைத்துக் காத்திருக்கிறது. பிறகு இரண்டில் ஒன்று நடக்க வேண்டும். ஏதோ ஒரு முயற்சியில் தரவு படிக்கக் கிடைக்க வேண்டும், அல்லது அந்த முகவரியில் யாராவது புதிதாக எழுத வேண்டும். எழுத வந்ததும் டிஸ்க் அதே இடத்தில் எழுதிச் சரிபார்க்கும். நின்றால் மென்பழுது, நிலுவைக் கணக்கு குறையும். நிற்காவிட்டால் வன்பழுது, உதிரி செக்டார் ஒன்று செலவாகும்.

ஆக, படித்துப் பார்க்கும் எந்தச் சோதனையும் பேட் செக்டாரைக் கண்டுபிடிக்குமே தவிர, சரிசெய்யாது. சரிசெய்வது எழுத்து. எழுத்தோ பழைய தரவை அழித்துவிடும். தரவை முதலில் வெளியே எடு, பிறகு சோதி என்று சொல்வதெல்லாம் இந்த ஒரு காரணத்தால்தான்.

ஸ்மார்ட் எண்களைப் படிப்பது

டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஏற்பாட்டுக்கு ஸ்மார்ட் என்று பெயர். இதைப் பார்ப்பதால் தகட்டுக்கு எந்தச் சுமையும் இல்லை. சாகக் கிடக்கும் டிஸ்க்கிலும் தயங்காமல் பார்க்கலாம். விண்டோஸில் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் போதும். லினக்ஸில் ஸ்மார்ட்மான்டூல்ஸ்.

கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவைத் திறந்ததும் நீலம், மஞ்சள், சிவப்பு என்று ஒரு நிறம் தெரியும். அதோடு நிறுத்திவிடாதீர்கள். கீழே உள்ள பட்டியலில் வலது ஓரத்தில் ‘ரா வேல்யூஸ்’ என்ற வரிசை இருக்கிறது. அது இயல்பில் பதினாறடிமான எண்ணில் (9-க்கு மேல் ஏ முதல் எஃப் வரை ஆங்கில எழுத்துகளும் சேரும் முறை) காட்டும். ‘ஃபங்ஷன்’ மெனுவில் ‘அட்வான்ஸ்டு ஃபீச்சர்’, அதற்குள் ‘ரா வேல்யூஸ்’ சென்று 10 என்பதைத் தேர்ந்தால் நமக்குப் பழகிய எண்ணாக மாறும். மாற்றாமல் படித்தால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணப் பட்டியல்:

- 05, ரீஅலொகேட்டட் செக்டார்ஸ்: 18
- 09, பவர் ஆன் ஹவர்ஸ்: 4இ20
- சி5, கரன்ட் பெண்டிங் செக்டார்: 8
- சி6, அன்கரெக்டபிள் செக்டார்: 8
- சி7, சிஆர்சி எரர்: 0

முதல் வரியில் 18 என்பது உண்மையில் 24. மாற்றப்பட்ட செக்டார்கள் 24 என்று பொருள். 4இ20 என்பது 20,000 மணி நேரம். தினம் 8 மணி நேரம் ஓடியிருந்தால் கிட்டத்தட்ட ஏழு ஆண்டு உழைத்த டிஸ்க். சி5, அதாவது 197-ஆம் எண், நிலுவையில் 8 என்கிறது. முன்னால் சொன்ன எட்டு இங்கே வருகிறது: 4096 பைட் செக்டார் ஒன்று கெட்டால் பல டிஸ்க்குகளில் இந்தக் கணக்கு எட்டாக ஏறும். எனவே எட்டு இடம் கெட்டுவிட்டது என்று பதற வேண்டாம், அநேகமாக ஒரே இடம். கேபிள் கணக்கான சி7, அதாவது 199-ஆம் எண், பூஜ்யம், ஆகவே கோளாறு டிஸ்க்குக்குள்தான். இந்த டிஸ்க்கின் உரிமையாளர் அன்றைக்கே பேக்கப் எடுக்க வேண்டும்.

எந்த எண் என்ன சொல்கிறது:

- 5: ஏற்கெனவே உதிரிக்கு மாற்றப்பட்டவை. இது ஏறும், இறங்காது. பல மாதம் ஒரே எண்ணில் நின்றால் பெரிய கவலை இல்லை. வாரத்துக்கு வாரம் ஏறினால் வன்பழுது பரவுகிறது.
- 197: படிக்க முடியாமல் காத்திருப்பவை. பூஜ்யத்துக்கு மேல் எதுவாக இருந்தாலும், இந்த நிமிடம் ஏதோ ஒரு ஃபைலின் ஒரு பகுதி படிக்க வராமல் இருக்கக்கூடும்.
- 198 (சி6): சோதனையில் திருத்தவே முடியாமல் போனவை.
- 187: கம்ப்யூட்டர் கேட்டு, டிஸ்க் கைவிரித்த தடவைகள்.
- 188: கட்டளைக்கு நேரத்துக்குள் பதில் வராத தடவைகள். சில சமயம் மின்சப்ளையும் காரணமாகும்.
- 199: கேபிள் வழியில் கெட்ட தரவு. கேபிளை மாற்றிய பிறகும் பழைய எண் அழியாது. மேலும் ஏறுகிறதா என்பதை மட்டும் பாருங்கள்.

ஒரு வீண் பயத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். சீகேட் டிஸ்க்குகளில் 1-ஆம் எண்ணிலும் 7-ஆம் எண்ணிலும் கோடிக்கணக்கில் மதிப்பு தெரியும். மொத்தச் செயல்களின் எண்ணிக்கையையும் பிழைகளையும் ஒரே எண்ணுக்குள் அடைத்து எழுதும் முறை அது. நல்ல டிஸ்க்கிலும் அப்படித்தான் இருக்கும்.

கம்ப்யூட்டர் தொடங்கும்போது பயாஸ் திரையில் “ஸ்மார்ட் ஸ்டேட்டஸ் பேட், பேக்கப் அண்ட் ரீப்ளேஸ்” என்று வந்தால் நம்புங்கள். வராததை மட்டும் நம்பாதீர்கள். தயாரிப்பாளர் வைத்த எல்லையைத் தாண்டினால்தான் அந்த எச்சரிக்கை வரும். அந்த எல்லை பெரும்பாலும் மிகத் தாராளமாக வைக்கப்பட்டிருக்கும்.

விண்டோஸின் ஈவென்ட் வியூவரும் ஒரு நல்ல சாட்சி. ‘விண்டோஸ் லாக்ஸ்’, ‘சிஸ்டம்’ என்று போய்ப் பாருங்கள். ‘டிஸ்க்’ என்ற மூலத்திலிருந்து 7 என்ற எண்ணில் பதிவுகள் இருந்தால் பேட் பிளாக். 153 இருந்தால் செயல் மறுமுயற்சிக்குப் போயிருக்கிறது. ‘என்டிஎஃப்எஸ்’ (விண்டோஸ் பயன்படுத்தும் ஃபைல் சிஸ்டம்) மூலத்திலிருந்து 55 மட்டும் இருந்து 7-உம் 153-உம் இல்லை என்றால், கோளாறு கணக்குப் புத்தகத்தில். செக் டிஸ்க்குக்கு ஏற்ற இடம் அதுதான்.

செக் டிஸ்க் உள்ளே என்ன செய்கிறது

என்டிஎஃப்எஸ் டிஸ்க்கில் இது ஐந்து கட்டமாக நடக்கும். முதல் மூன்று கட்டங்கள் கணக்குப் புத்தகத்தைச் சரிபார்ப்பவை: ஃபைல் பதிவுகள், பெயர் இணைப்புகள், பாதுகாப்பு விவரங்கள். ஸ்லாஷ் எஃப் போட்டால் இந்த மூன்றிலும் கண்ட பிழைகளைத் திருத்தும். ஸ்லாஷ் ஆர் போட்டால் நான்காவது, ஐந்தாவது கட்டங்களும் சேரும். நான்காவது ஃபைல்கள் இருக்கும் இடங்களையும், ஐந்தாவது காலி இடங்களையும் ஒவ்வொன்றாகப் படிக்கும். ஸ்லாஷ் ஆருக்குள் ஸ்லாஷ் எஃப் அடக்கம், இரண்டையும் சேர்த்துப் போடத் தேவையில்லை.

நலிந்த டிஸ்க்கில் இதனால் வரும் கேடுகள் மூன்று.

முதலாவது, உழைப்பு. கெட்ட இடத்தின் மேல் ஹெட்டை மணிக்கணக்காக ஓடவிடுகிறோம். இன்னும் சில மணி நேரம்தான் உயிர் இருக்கிறது என்றால், அந்த நேரத்தைப் படங்களையும் ஆவணங்களையும் வெளியே எடுக்கச் செலவிடாமல் காலி இடத்தைச் சோதிப்பதில் செலவிட்டுவிடுகிறோம்.

இரண்டாவது, திருத்தம். ஃபைல் பதிவு இருக்கும் செக்டார் படிக்க வரவில்லை என்றால், அந்தப் பதிவு பழுதானது என்று செக் டிஸ்க் முடிவுகட்டும். ஃபைலின் உடல் நல்ல செக்டார்களில் முழுதாகக் கிடந்தாலும் அதற்கான பதிவு நீக்கப்படும். ‘ஃபவுண்ட்.000’ என்ற மறைவான ஃபோல்டரில் ‘ஃபைல்0000.சிஎச்கே’ போன்ற பெயர் தெரியாத துண்டுகள் சேர்வது இதனால்தான். தரவு மீட்பவர்கள் பிறகு அதே டிஸ்க்கைத் திறக்கும்போது, பெயர்களும் ஃபோல்டர் அமைப்பும் போயிருக்கும்.

மூன்றாவது, மறைப்பு. கெட்ட கிளஸ்டரை (ஃபைல் சிஸ்டம் ஒன்றாகக் கையாளும் செக்டார் தொகுதி) கண்டால் செக் டிஸ்க் அதை “இனித் தொடாதே” என்று என்டிஎஃப்எஸ் பட்டியலில் குறித்துவிடுகிறது. ஃபைல் இருக்கும், அதன் நடுவில் படிக்க முடியாமல் போன பகுதி இருக்காது. அந்த இடத்தில் இனி யாரும் எழுதப்போவதில்லை என்பதால் டிஸ்க்கின் நிலுவைக் கணக்கும் பல நேரம் அப்படியே நிற்கும். இந்தக் குறிப்பு ஃபைல் சிஸ்டத்தில் இருப்பதால், புது டிஸ்க்குக்கு அப்படியே குளோன் எடுத்தால் நல்ல டிஸ்க்கிலும் பேட் செக்டார் என்று காட்டிக்கொண்டிருக்கும். அதை அழிக்க ஸ்லாஷ் பி என்ற வேறு தேர்வு இருக்கிறது. புது டிஸ்க்கில் மட்டும் பயன்படுத்துங்கள்.

சோதனையின் சரியான வரிசை

1. காது கொடுத்துக் கேளுங்கள். ‘டிக்… டிக்… டிக்’ என்று சீரான இடைவெளியில் சத்தம், அல்லது உரசும் ஓசை வந்தால் உடனே மின்சாரத்தை நிறுத்துங்கள். எந்த மென்பொருளும் வேண்டாம். உள்ளே இருப்பது முக்கியம் என்றால் தூசியற்ற அறையில் திறந்து பார்க்கும் தரவு மீட்பு நிலையத்திடம்தான் போக வேண்டும். ஃப்ரீசரில் வைக்கும் பழைய யோசனையைத் தயவுசெய்து முயலாதீர்கள். வெளியே எடுத்ததும் தகட்டில் ஈரம் படியும். சில நானோமீட்டர் இடைவெளியில் ஓடும் ஹெட்டுக்கு ஒரு துளி நீர் மலைபோல.

2. ஸ்மார்ட் எண்களைப் பாருங்கள். யுஎஸ்பி பெட்டியில் உள்ள வெளி டிஸ்க்கில் சில பெட்டிகள் ஸ்மார்ட்டைக் கடத்தாது. முடிந்தால் டிஸ்க்கைக் கழற்றி நேரடியாக மதர்போர்டில் உள்ள சாட்டா போர்ட்டில் (டிஸ்க்கை இணைக்கும் இடம்) மாட்டிப் பாருங்கள்.

3. 199 ஏறியிருந்தால் சாட்டா கேபிளை மாற்றி, வேறு போர்ட்டில் மாட்டி, ஒருநாள் ஓடவிட்டு மறுபடி எண்ணைப் பாருங்கள். வேறு எதையும் தொடும் முன் இதை முடித்துவிடுங்கள்.

4. தரவை வெளியே எடுங்கள். 5-உம் 197-உம் பூஜ்யமாக இருந்தாலும் சோதனைக்கு முன் பேக்கப் எடுப்பது நல்லது. 197 பூஜ்யத்தைத் தாண்டியிருந்தால் இது கட்டாயம். ஈடுசெய்ய முடியாதவை முதலில்: குடும்பப் படங்கள், ஆவணங்கள், கணக்குகள். சினிமாவும் மென்பொருளும் கடைசியில். ஒரு ஃபைலில் காப்பி நின்றுபோனால் அதோடு மல்லுக்கட்டாமல் தாண்டி அடுத்ததற்குப் போய்விடுங்கள்.

5. டிஸ்க்கின் சொந்தச் சோதனை. ஸ்மார்ட்டிலேயே குறுஞ்சோதனை, நெடுஞ்சோதனை என்று இரண்டு உண்டு. குறுஞ்சோதனை இரண்டு நிமிட அளவில் முடியும். நெடுஞ்சோதனை முழுத் தகட்டையும் படிக்கும். சீகேட்டின் சீடூல்ஸ், ஜிஸ்மார்ட்கன்ட்ரோல் போன்றவற்றில் பட்டனை அழுத்தினால் போதும். படிக்கும் வேலை டிஸ்க்குக்குள்ளேயே நடக்கிறது, கேபிள் இதில் சம்பந்தப்படாது. எனவே நெடுஞ்சோதனை தேறி, காப்பி மட்டும் பிழை தருகிறது என்றால் கேபிளையோ போர்ட்டையோ சந்தேகிக்கலாம். பல டிஸ்க்குகள் முதல் பிழையிலேயே சோதனையை நிறுத்திவிடும், ஆகவே ஒரு பிழை என்று காட்டினால் ஒன்றுதான் இருக்கிறது என்று பொருள் இல்லை.

6. இதற்குப் பிறகுதான் செக் டிஸ்க். எண்கள் சுத்தமாக இருந்தால் ஸ்லாஷ் எஃப் போதும்.

நெடுஞ்சோதனைக்கு ஆகும் நேரத்தை முன்கூட்டியே கணக்கிட்டுக்கொள்ளலாம். சராசரியாக விநாடிக்கு 150 எம்பி படிக்கும் 1 டிபி டிஸ்க்குக்கு ஏறத்தாழ 1 மணி 50 நிமிடம். 4 டிபிக்கு ஏழரை மணி. பழைய லேப்டாப் டிஸ்க் இன்னும் மெதுவாக, விநாடிக்கு 80 எம்பி அளவில் ஓடினால் 1 டிபிக்கே மூன்றரை மணி ஆகிவிடும். இரவில் ஓடவிடுவதானால் லேப்டாப்பில் சார்ஜரைப் போட்டு, ஸ்லீப் போகாமல் அமைத்துவிடுங்கள். கரண்ட் அடிக்கடி போகும் இடத்தில் யுபிஎஸ் இல்லாமல் செக் டிஸ்க் திருத்தத்தைத் தொடங்கக் கூடாது. படிக்கும் சோதனை பாதியில் நின்றால் நட்டமில்லை, எழுதும் திருத்தம் பாதியில் நின்றால் புதுக் குழப்பம்.

செக் டிஸ்க்கை ஓட்ட, ஸ்டார்ட் மெனுவில் கமாண்ட் ப்ராம்ப்ட்டைத் தேடி, ரைட் கிளிக் செய்து ‘ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்’ கொடுங்கள். சி, எச், கே, டி, எஸ், கே என்ற ஆறு எழுத்துகளை ஆங்கிலத்தில் அடித்து, இடம் விட்டு டிரைவ் எழுத்தும் முக்காற்புள்ளியும், மறுபடி இடம் விட்டு ஸ்லாஷ் எஃப். சி டிரைவ் என்றால் அடுத்த முறை தொடங்கும்போது ஓட்டவா என்று கேட்கும். ஒய் அடித்து ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். முடிவைப் படிக்கத் தவறிவிட்டால் ஈவென்ட் வியூவரில் ‘அப்ளிகேஷன்’ பகுதியில் ‘வின்இனிட்’ மூலத்தில் 1001 என்ற பதிவில் முழு அறிக்கையும் இருக்கும். அதில் ‘கேபி இன் பேட் செக்டார்ஸ்’ என்ற வரியில் பூஜ்யம் தவிர வேறு எண் இருந்தால் ஸ்மார்ட் பட்டியலுக்குத் திரும்பிப் போங்கள்.

டிரைவ் மேல் ரைட் கிளிக் செய்து ‘ப்ராபர்ட்டீஸ்’, ‘டூல்ஸ்’, ‘செக்’ என்று போகும் வழி விண்டோஸ் 8-க்குப் பிறகு ஃபைல் சிஸ்டத்தை மட்டுமே பார்க்கிறது. அங்கே ‘பிழை இல்லை’ என்று வந்ததை வைத்துத் தகடு நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்ட முடியாது. மேக்கில் டிஸ்க் யூட்டிலிட்டியின் ‘ஃபர்ஸ்ட் எய்டு’ம் அப்படியே. ஒவ்வொரு செக்டாரையும் அது படிப்பதில்லை.

காப்பி நகராத டிஸ்க்கிலிருந்து எடுப்பது

சாதாரணக் காப்பி ஒரு கெட்ட ஃபைலில் மாட்டிக்கொண்டு நகராது என்றால், லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற கருவி இருக்கிறது. பென் டிரைவில் உபுண்டு என்ற லினக்ஸ் வகையை ஏற்றி அதிலிருந்து தொடங்கினால் போதும், கம்ப்யூட்டரில் எதையும் நிறுவ வேண்டியதில்லை. இதன் புத்திசாலித்தனம் வேலை செய்யும் வரிசையில் இருக்கிறது. முதல் சுற்றில் சுலபமாக வரும் இடங்களை எல்லாம் வாரி எடுத்துவிடும். இடறும் இடத்தைத் தாண்டிக் குதிக்கும். எங்கே குதித்தோம் என்பதை ஒரு வரைபடக் கோப்பில் குறித்துக்கொள்ளும். பிறகு விட்டுப்போன இடங்களுக்கு மட்டும் திரும்பி வரும். நடுவில் நின்றாலும், வரைபடக் கோப்பு இருந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

இதில் மன்னிப்பில்லாத தவறு ஒன்றுதான். கட்டளையில் முதலில் வருவது மூல டிஸ்க், அடுத்து வருவது சேரும் இடம். மாற்றி அடித்தால் காலி டிஸ்க், தரவு டிஸ்க்கின் மேல் எழுதப்படும். அடிக்கும் முன் இரண்டின் கொள்ளளவையும் சீரியல் எண்ணையும் ஒரு தாளில் எழுதிவைத்து ஒப்பிடுங்கள். சேரும் டிஸ்க் மூலத்தைவிடச் சிறியதாக இருக்கக் கூடாது. செக் டிஸ்க் ஓட்டுவதானால், இப்படி எடுத்த நகலின் மேல் ஓட்டுங்கள். அங்கே எது தவறினாலும் மூலம் பத்திரமாக இருக்கும்.

வைத்துக்கொள்ளலாமா, மாற்றலாமா

தரவு பத்திரமான பிறகு டிஸ்க்கை எழுதிச் சோதிக்கலாம். விண்டோஸில் ‘க்விக் ஃபார்மட்’ தேர்வை எடுத்துவிட்டு முழு ஃபார்மட் கொடுத்தால், அந்தப் பகுதி முழுவதும் பூஜ்யம் எழுதப்படும். நிலுவையில் இருந்தவற்றுக்கு இதுவே தீர்ப்பு நாள். லினக்ஸில் பேட்பிளாக்ஸ் கருவியின் எழுதும் சோதனை, நான்கு வேறு வடிவங்களை எழுதி எழுதித் திரும்பப் படிக்கும். கடுமையான சோதனை, பெரிய டிஸ்க்கில் நாள்கணக்கில் ஓடும்.

முடிந்ததும் எண்களை ஒப்பிடுங்கள். 197 பூஜ்யத்துக்கு வந்து 5 ஏறவில்லை என்றால் மென்பழுது, டிஸ்க் பிழைத்தது. 197 பூஜ்யமாகி 5 சிறிது ஏறியிருந்தால், இன்னொரு முறை முழுதும் எழுதிப் பாருங்கள். இரண்டாம் முறையும் ஏறினால் அந்த டிஸ்க்கை நம்பாதீர்கள். ஏறாவிட்டால் மறுபடி கிடைக்கக்கூடிய பொருள்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். என் கருத்தில், இப்படிப் பிழைத்த டிஸ்க்கில் ஒரே பிரதியாக எதையும் வைக்கக் கூடாது.

இந்தக் கண்டிப்புக்குக் காரணம் உண்டு. கூகுள் பொறியாளர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து 2007-இல் வெளியிட்ட கட்டுரையில், முதல் ஸ்கேன் பிழை கண்ட டிஸ்க் அடுத்த 60 நாளில் செயலிழக்கும் வாய்ப்பு, பிழை காணாத டிஸ்க்கைவிட 39 மடங்கு அதிகம் என்று கண்டார்கள். அதே கட்டுரையில் இன்னொரு முடிவும் இருக்கிறது: செயலிழந்த டிஸ்க்குகளில் 56 சதவீதத்துக்கும் மேல், முக்கியமான நான்கு ஸ்மார்ட் அறிகுறிகளில் எதையும் காட்டாமலேயே போயின. ஆகவே எண் கெட்டிருந்தால் அது உறுதியான எச்சரிக்கை. எண் நன்றாக இருப்பது உத்தரவாதம் இல்லை. நீலம் காட்டும் டிஸ்க்குக்கும் பேக்கப் தேவை.

எஸ்எஸ்டியில் என்ன மாறுகிறது

தரவை மெமரி சில்லுகளில் வைக்கும் எஸ்எஸ்டியில் தகடும் இல்லை, ஹெட்டும் இல்லை. நாம் 1000-ஆவது செக்டார் என்று கேட்பது இன்று ஒரு சில்லில் இருக்கும், நாளை வேறொன்றில் இருக்கும். உள்ளே இருக்கும் கன்ட்ரோலர் தேய்மானத்தைப் பரப்புவதற்காக இடம் மாற்றிக்கொண்டே இருக்கிறது. “இந்த இடம் கெட்டது” என்று ஃபைல் சிஸ்டத்தில் குறித்துவைப்பதற்கு அங்கே பொருளே இல்லை. ஸ்லாஷ் ஆர் ஓட்டுவதால் பெரிதாக எதுவும் தெரியவராது. ஸ்லாஷ் எஃப் மட்டும் ஃபைல் சிஸ்டப் பிழைக்கு வழக்கம்போல் உதவும்.

என்விஎம்இ என்ற வேகமான எஸ்எஸ்டி வகையில் பார்க்க வேண்டியவை மூன்று: ‘பர்சன்டேஜ் யூஸ்டு’ தேய்மானத்தைச் சொல்லும், ‘அவைலபிள் ஸ்பேர்’ மிச்சம் இருக்கும் உதிரியைச் சொல்லும், ‘மீடியா அண்ட் டேட்டா இன்டக்ரிட்டி எரர்ஸ்’ பூஜ்யமாகவே இருக்க வேண்டும். ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் தடுமாறித் தடுமாறிச் சாகும். எஸ்எஸ்டி ஒரு காலையில் கம்ப்யூட்டருக்குத் தெரியாமலே போய்விடும். சத்தம் கொடுத்து எச்சரிக்க அதில் ஒன்றுமில்லை.

பழைய டிஸ்க்கைக் கொடுக்கும் முன்

உதிரிக்கு மாற்றப்பட்ட செக்டார்களில் பழைய தரவு அப்படியே கிடக்கிறது. முகவரி வேறிடத்துக்குப் போய்விட்டதால் முழு ஃபார்மட் அவற்றைத் தொடுவதே இல்லை. 5-ஆம் எண்ணில் 24 இருந்தால், அத்தனை இடங்கள் நம் கைக்கு எட்டாமல் உள்ளே நிற்கின்றன. டிஸ்க்குகளுக்கான கட்டளைகளை வரையறுக்கும் ஏடிஏ தரத்தில் உள்ள ‘என்ஹான்ஸ்டு செக்யூர் எரேஸ்’ கட்டளை அவற்றையும் சேர்த்து அழிப்பதற்காக வகுக்கப்பட்டது. ஆனால் சாகும் நிலையில் உள்ள டிஸ்க்கில் அது முடியும் வரை ஓடுமா என்பது சந்தேகம். வங்கிக் கணக்கு, ஆதார் நகல், வாடிக்கையாளர் பட்டியல் போன்றவை இருந்த டிஸ்க் என்றால் பழைய இரும்புக் கடையில் போடும் முன் மூடியைக் கழற்றி ஒவ்வொரு தகட்டையும் சேதப்படுத்திவிடுங்கள். மூடியின் திருகுகள் பெரும்பாலும் நட்சத்திர வடிவ டார்க்ஸ் வகை. ஒன்று லேபிளுக்கு அடியில் மறைந்திருக்கும். லேப்டாப் டிஸ்க்கின் தகடு பெரும்பாலும் கண்ணாடி, தட்டினால் சில்லு சில்லாகத் தெறிக்கும். தடித்த துணியில் சுற்றி, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொண்டு உடையுங்கள். டெஸ்க்டாப் டிஸ்க்கின் தகடு பெரும்பாலும் அலுமினியம், உடையாது. டிரில் கொண்டு மூன்று நான்கு ஓட்டை போட்டால் வேலை முடிந்தது.